சாத்தன்வலசைக் கம்மாயில் எருமைக்கு அனுமதி இல்லை

கேமராவை உள்ள வைங்க சார். தூத்தல் போடுது. அந்த நீளக் குழாய்க்குள்ள தண்ணி போச்சுன்னா நீங்க இம்புட்டுத் தூரம் வந்ததும் வீணு, அதுவும் வீணு.

என்னது? கம்மா எங்கிட்டு இருக்கா?

இதான் சார். நீங்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே, இதான் கம்மா.

வயல் இல்ல சார். எல்லாரும் அப்படித்தான் கேக்குறாக. போன வாரம் மதுரைக்காரக் குடும்பம் ஒண்ணு வந்துச்சு. அந்தப் பொம்பளப்பிள்ளை, "ஐ, கிரவுண்டு!"ன்னு பந்தோட இறங்கிருச்சு. நான்தான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிச்சேன். அடியில ஆள் ஆழத்துக்குத் தண்ணி கிடக்கு சார். மேல பூரா சம்பு, கோரை, நீர்ப்புல்லு. தண்ணிக்குப் போர்வை போத்தி விட்ட மாதிரி. நல்லா உத்துப் பாத்தாக்கூட ஒரு உள்ளங்கை தண்ணி தெரியாது உங்களுக்கு.

பறவையா? போர்டுல இருக்கு சார். வரும்போது பாத்திருப்பீங்களே, கூழைக்கடா, மஞ்சமூக்கு நாரை, கரண்டிவாயன், எல்லாம் கலர்ல போட்டிருக்கும். இப்போதைக்கு இந்த சரணாலயத்துல பறவை அந்த போர்டுல மட்டுந்தான் இறங்குது.

உக்காருங்க சார். கோபுரத்துல ஏறுனது ஏறிட்டீங்க. பெஞ்சு ஈரமா இருக்கு, இந்தத் துண்டைப் போட்டுக்கங்க. அப்புறம் ஒரு சின்ன உதவி. அந்தா கீழ, தகரக் கொட்டகை தெரியுதுல்ல? உள்ள ஒரு கால் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கா? அதான் வனத்துறை கார்டு, காவக்காரன். ஜெயசீலன்னு பேரு. நல்ல பையன். சோறு தின்னுட்டு ஒரு தூக்கம் போடுவான். அந்தக் கால் உள்ள போச்சுன்னா எனக்கு லேசா ஒரு சத்தம் குடுங்க. எதுக்குன்னு சொல்றேன். தப்பான காரியம் இல்ல சார். தப்பான காரியந்தான், ஆனா நல்லதுக்கு.

நான் யாருன்னு கேக்கவே மாட்டேங்கிறீங்களே. பலகுரல் சேவுகன். கேள்விப்பட்டதில்லையா? திருவிழாவுல ஆடல் பாடல் வைப்பாகள்ல, ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல அந்தப் பிள்ளைக டிரெஸ் மாத்தணும்ல, அந்த நேரத்துல ஒருத்தன் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான் பாருங்க, அவன்தான் நான். முப்பது வருஷமா பொம்பளைக சேலை மாத்துற நேரத்துலதான் என் கலை வாழ்க்கை.

நடிகர் குரல் எடுத்தா விசிலடிப்பாக. ரயில் சத்தம் எடுத்தா கைதட்டுவாக. ஆனா எனக்கு இஷ்டம் பறவைதான் சார். செம்போத்து எடுப்பேன், கௌதாரி எடுப்பேன், ஆள்காட்டி எடுத்தா ஆள்காட்டியே வந்து சண்டைக்கு நிக்கும். எடுத்து முடிச்சதும் கூட்டத்தைப் பாப்பேன். ஒருத்தன் எந்திரிச்சு, "அண்ணே, ஒன்ஸ் மோர்!" அப்படின்னு கத்துவானான்னு. கத்துவான். "பாட்டைப் போடுங்கடா!"ன்னு கத்துவான்.

அதுலயும் என் யோகத்தைப் பாருங்க. எனக்கு உசிரு மஞ்சமூக்கு நாரை. இந்தக் கம்மாயோட ராஜா அது. அந்த நாரை கத்தாது சார். குஞ்சா இருக்கையில கத்தும், பெருசானா வாயை மூடிரும். சோடியைப் பாத்தா அலகை மட்டும் டக டக டகன்னு தட்டும். தொண்டையை வச்சுப் பிழைக்கிறவனுக்கு வாய்ச்ச பறவை ஊமை.

நேத்து சாயங்காலம் ரெண்டு வந்துச்சு.

சிரிக்காதீங்க சார், இதைக் கேளுங்க. மழை விழுந்ததும் முதல்ல ரெண்டு மூணு வரும். கூட்டம் வராது. இடம் எப்படி இருக்குன்னு வேவு பாக்க வர்றது. நீங்க வாடகைக்கு வீடு பாக்கப் போறதில்லையா, அது மாதிரி. இதுக பாத்துட்டுப் போய்ச் சரின்னு சொன்னாத்தான் சனம் பூரா வரும். நேத்து இங்கதான் நின்னேன். கம்மாயை ஒரு சுத்து சுத்துச்சு. இன்னொரு சுத்து. அப்புறம் காலைத் தொங்க விட்டுச்சு சார்! இறங்கப் போகுதுன்னா காலைத் தொங்க விடும். நான் மூச்சு விடல. கீழ வந்து, கீழ வந்து... தண்ணி எங்கேன்னு பாத்துச்சு. பச்சைதான் தெரியுது. தொங்க விட்ட காலை மறுபடி பின்னால நீட்டிக்கிச்சு. போயிருச்சு. வீட்டைப் பாத்துட்டு, "குழாயில தண்ணி வரலையே"ன்னு சொல்லாம போவாகள்ல, அப்படி.

இன்னைக்கு சாயங்காலம் ஒருக்கா வரும். அதோட சரி. அப்புறம் இந்த வருஷத்துக்கு வராது. போன வருஷமும் அப்படித்தான், அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான்.

அடுத்த வாரம் மெட்ராஸ்ல இருந்து ஆளுக வர்றாக. பறவையே இறங்காத இடத்துக்கு எதுக்குச் சரணாலயம்னு கேள்வி. ரேஞ்சர் எங்கிட்டச் சொன்னாரு. அவரு எப்பவும் மூக்காலதான் பேசுவாரு. "சேவுகன், ஙான் என்ன பண்ண முடியும், மேலிடத்து உத்தரவு." மேலிடம்னா மேல இருக்கிறது யாரு? நாரைதான் மேல இருக்கு. பக்கத்து ஊர் பூரா சோலார் தகடு வந்துருச்சு, நீங்க பஸ்ல வரும்போது கண்ணு கூசியிருக்குமே. அவுக இந்தக் கம்மாயைத்தான் பாத்துக்கிட்டு இருக்காக. நாரை இறங்கலைன்னா தகடு இறங்கும். அம்புட்டுத்தான் சார் கதை. ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு, ஒரே ஒரு பாய் அளவுக்கு, இன்னைக்குத் தண்ணி தெரியணும். நாரை கண்ணுல படணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

கால் வெளியதான இருக்கு? சரி.

நானே அரிவாளை எடுத்துக்கிட்டு இறங்குனேன் சார், காலையில. ரெண்டு சம்பு அறுக்கல, ஜெயசீலன் விசிலடிச்சுட்டான். "அண்ணே, சரணாலயத்துக்குள்ள ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாதுண்ணே. நீங்கதான எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"ங்கிறான். நான்தான் சொல்லிக் குடுத்தேன், சரிதான். அதுக்காக எங்கிட்டயே சொல்லுவானா?

இந்தக் கம்மாயில யாரு இறங்கலாம், யாரு இறங்கக் கூடாதுன்னு காலங்காலமா யாராச்சும் ஒருத்தர் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்காக. முதல்ல ஜமீன். "எவனும் வலை போடப்படாது, எவனும் கண்ணி வைக்கப்படாது. வாத்து பூரா நம்ம அடுப்புக்கு." எங்க அப்பா எடுத்த குரல் இது, அவரு வழியா எனக்கு வந்தது. அப்புறம் வெள்ளைக்காரத் துரை வந்தாரு. "நோ ஷூட்டிங்!" அப்படின்னு போர்டு நட்டுட்டு அதுமேலயே துப்பாக்கியைச் சாச்சு வச்சுக் குறி பாப்பாராம். எல்லாரும் பறவைக்காகத்தான் வேலி போட்டாக சார். ஜமீன் திங்க, துரை சுட. பறவைக்காகவே பறவையைக் காப்பாத்தணும்னு வந்த முதல் ஆளு நான்தான். சும்மா பெருமைக்குச் சொல்லல.

எத்தனை வருசம் அலைஞ்சிருக்கேன் தெரியுமா? தாலுகா ஆபீஸ்ல மனு, கலெக்டர் ஆபீஸ்ல மனு. குறைதீர்க்கும் நாள்ல பறவைச் சத்தம் எடுத்துக் காட்டுவேன். ஒரு கலெக்டர் வடக்க இருந்து வந்தவரு, தமிழ் படிச்சு வந்தவரு, சுத்தமாப் பேசுவாரு. "ஐயா சேவுகன் அவர்களே, தங்கள் ஒலிகள் மிக இனிமை. அடுத்த மனுதாரர் வரலாம்." இருந்தாலும் விட்டேனா? பத்திரிகைக்காரனைக் கூட்டியாந்து படம் எடுக்க வச்சேன். நாரைப் படம் எடுத்தா எவனும் போட மாட்டேங்கிறான் சார். அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எருமை.

இந்தக் கம்மாயில அன்னைக்குப் பூரா எருமை கிடக்கும். வெள்ளைக்கண்ணு அண்ணனோட எருமை. பெரிய பட்டி. காலையில ஓட்டியாந்து விட்டாருன்னா சாயங்காலம் வரைக்கும் கண்ணும் மூக்கும் மட்டும் வெளிய தெரியும். அவரும் கூடவே கழுத்தளவு தண்ணியில நிப்பாரு. எதுடா எருமை, எதுடா மனுசன்னு சந்தேகமா இருக்கும். எருமை முதுகுல ஒரு நாரை நிக்குற மாதிரி, எருமைக் காலடியில முட்டை நசுங்கின மாதிரி ரெண்டு படம் எடுக்க வச்சேன். முட்டை கோழி முட்டைதான், அது கிடக்கட்டும். "அழிவின் விளிம்பில் அபூர்வப் பறவைகள்"னு முதல் பக்கத்துல வந்துருச்சு!

அதுக்கப்புறம் வேகமா நடந்துச்சு எல்லாம். ஊர்க்கூட்டம் போட்டோம், மந்தையில, மைக் செட்டோட. அதிகாரிக எல்லாம் வந்திருந்தாக. என்னைப் பேசச் சொன்னாக. நான் பேச்சாளனா சார்? எனக்கு என்ன வரும்? குரல்தான் வரும். வெள்ளைக்கண்ணு அண்ணன் எருமையைக் கூப்பிடுற குரலை எடுத்தேன்.

அந்தக் குரலை நீங்க கேட்டிருக்கணும். அவரு பட்டியில முன்னால போற எருமைக்கு ஒரு கொம்பு முறிஞ்சிருக்கும், மூளின்னு பேரு. மூளி எங்கிட்டோ மத்ததெல்லாம் அங்கிட்டு. பொழுது சாயும்போது தண்ணிக்குள்ள நின்னபடியே ஒரு கூப்பாடு போடுவாரு பாருங்க. கம்மாயைத் தாண்டி, மடையைத் தாண்டி, அவரு வீடு வரைக்கும் போகும். கூப்பிட்டு முடிச்சு, கடைசியா ஒரு செருமல். க்கும். அந்தச் செருமல்லதான் சார் இருக்கு சூட்சுமம். மத்தவனெல்லாம் கூப்பாட்டைத்தான் எடுப்பான். நான் செருமலையும் எடுத்தேன்.

இன்னொண்ணு சொல்லணும், நல்ல வேடிக்கை. அந்தச் சத்தம் எருமைக்கு மட்டும் இல்ல. அவரு பொண்டாட்டி இருளாயி மதினிக்கும் அதே சத்தந்தான். அண்ணன் "மூளீ"ன்னு கூப்பிட்டாப் போதும், மதினி வீட்டுல போட்டது போட்டபடி காஞ்ச துண்டை எடுத்துக்கிட்டுக் கரை வழியா வந்து இந்தா, கீழ இருக்கே படித்துறை, இதுல நிக்கும். அண்ணன் நனைஞ்ச எருமை மாதிரி ஏறி வருவாரு. துண்டைக் குடுக்கும். ஒரு வார்த்தை பேசிக்கிற மாட்டாக ரெண்டு பேரும். அதையும் மேடையில சொன்னேன். "எருமைக்கும் ஒரே சத்தம், வீட்டுக்காரிக்கும் ஒரே சத்தம்! யாரு முதல்ல வர்றாகங்கிறதுதான் போட்டி!" கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அதிகாரியே கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. என் வாழ்க்கையில அப்படி ஒரு கைதட்டு வாங்கினதில்ல.

அண்ணனும் சிரிச்சாரு. கடைசி வரிசையில நின்னுக்கிட்டு இருந்தாரு. சிரிச்சாருன்னுதான் நினைக்கேன். துண்டை வாயில வச்சிருந்தாரு.

ஆனா ஒண்ணு சார், மறுநாள்ல இருந்து அவரு வாயால கூப்பிடுறதை விட்டுட்டாரு. ஒரு தகர டப்பாவை வச்சுக்கிட்டுத் தட்டுவாரு. டொக், டொக், டொக். அதுவும் எருமைக்குப் பழகிருச்சு. ஏன்னு தெரியல. தொண்டை கெட்டுப் போச்சு போல. தண்ணியிலயே நிக்கிற ஆளு.

அப்புறம் என்ன, சரணாலயம் ஆச்சு. வேலி வந்துச்சு. வாசல்ல போர்டு பாத்திருப்பீங்க, "ஆடு, மாடு, எருமைகளுக்கு அனுமதி இல்லை"ன்னு. அந்த வாசகம் நான் எழுதிக் குடுத்தது. முதல்ல "கால்நடைகள்"னு மட்டும் போட்டிருந்தாக. எருமைன்னு தனியாச் சொல்லணும் சார்னு நான்தான் நின்னு சேக்க வச்சேன். அண்ணன் பட்டியை வீட்டுலயே கட்டிப்போட்டு வைக்கோல் வாங்கிப் போட்டாரு. எத்தனை நாளைக்குப் போட முடியும்? ஒண்ணொண்ணா சந்தைக்குப் போச்சு. அவரு செங்கல் காளவாசல்ல காவலுக்குப் போனாரு. நல்ல வேலைதான். தண்ணியில நிக்க வேண்டியதில்ல, சுத்தமா இருக்கலாம்.

முதல் வருஷம் பறவை அள்ளிக்கிட்டு வந்துச்சு சார். இந்தக் கோபுரம் அப்ப கட்டினது. ரெண்டாம் வருஷம் புல்லு கொஞ்சம் கூடிச்சு. பச்சைப் பசேல்னு இருக்கு, இயற்கை திரும்புதுன்னு நான் பேட்டி குடுத்தேன். அந்த வருஷந்தான் ஒரு நாள் மூளி கயித்தை அத்துக்கிட்டு வேலியை முட்டிக்கிட்டு உள்ள வந்துருச்சு. நாள் பூரா உழப்பிக்கிட்டு கிடந்துச்சு. நான்தான் பாத்துட்டு கார்டுக்குப் போன் பண்ணினேன். அண்ணனுக்கு அபராதம் போட்டாக. சட்டம்னா சட்டந்தான? ஆனா மறுநாள் வந்து பாக்குறேன், மூளி படுத்துக் கிடந்த இடத்துல மட்டும் வட்டமாத் தண்ணி தெரியுது. அதுல ஒரு முக்குளிப்பான் சோடி, முங்கி முங்கி எந்திரிக்குது. அழகா இருந்துச்சு. படம்கூட எடுத்தேன்.

அப்பக்கூட எனக்கு உறைக்கல சார். எருமை தின்னு தின்னு, மிதிச்சு மிதிச்சுத்தான் இந்தத் தண்ணி இத்தனை காலமும் திறந்து கிடந்துச்சுன்னு. ஒருத்தனாச்சும் என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? அதிகாரிகளுக்குத் தெரியல, பத்திரிகைக்காரனுக்குத் தெரியல. அண்ணனுக்கே தெரியாது சார், எருமைக்கு உடம்பு காயுதேன்னு விட்டவரு அவரு. எல்லாருமாச் சேந்து என்னை இப்படி நிறுத்திட்டாக.

இப்ப எருமை வேணும்னு மனு குடுக்குறேன். "சேவுகன், ஙீங்கதானே வேண்டாம்னீங்க?"ங்கிறாரு ரேஞ்சர்.

அண்ணன் போயிட்டாரு சார். போன வருஷம். காளவாசல்லயே, உக்காந்தபடிக்கே. ரத்தக்கொதிப்பு இருந்திருக்கு. டாக்டர்கிட்டப் போகவே மாட்டாரு, பிடிவாதம். நான் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனேன். எல்லாம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. சரி, கொஞ்சம் மனசு லேசாகட்டும்னு அண்ணன் குரலை எடுத்தேன். மெதுவாத்தான் எடுத்தேன். கூப்பாடு, கடைசியில செருமல். ஒருத்தரும் சிரிக்கல. மதினி அடுப்படியில இருந்து கரண்டியோட வந்து நின்னுச்சு. "கொழுந்தனாரே, கை நனைச்சுட்டுப் போங்க. அந்தக் குரலை மட்டும் இனிமே எடுக்காதீக." எடுக்க மாட்டேன் மதினின்னு சொன்னேன். அய்யனார் மேல ஆணையாச் சொன்னேன். என்ன இருந்தாலும் அவுக வீட்டு விசேஷம்.

கால் இருக்கா? பாத்துக்கிட்டே இருங்க.

இன்னைக்கு விடிஞ்சதும் மதினி வாசல்ல போய் நின்னேன். மிச்சம் பத்துப் பன்னெண்டு உருப்படி இன்னும் நிக்குது அவுககிட்ட. மூளியும் நிக்குது, கிழடாப் போச்சு. "மதினி, ஒரே ஒரு மதியம் எருமையைக் கம்மாயில விடுங்க"ன்னேன்.

"கார்டு பிடிச்சா?"

"நான் இருக்கேன் மதினி."

"நீங்க இருக்கீக. அதான கேக்குறேன்."

"பறவைக்காக மதினி. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"போர்டுல எருமைன்னு தனியாப் போட்டிருக்கே கொழுந்தனாரே. எருமைக்குப் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சீகளா?" அப்படின்னு சாணியை வழிச்சுக்கிட்டே கேக்குது. நான் கால்ல விழுந்தேன் சார். நெசமா விழுந்தேன், சாணியில. "எந்திரிங்க, வேட்டி வீணாகுது"ன்னுச்சு. அப்புறம், "அதுகளுக்குத் தண்ணி மறந்துபோச்சு. நானும் மறந்துட்டுத்தான் இருக்கேன். போங்க"ன்னு உள்ள போயிருச்சு. கல்நெஞ்சு. பறவைன்னா இந்தச் சனத்துக்கு ஒரு இரக்கமே கிடையாது.

இப்ப அந்தா பாருங்க, எதிர்க்கரை. பனைமரத்துக்குக் கீழ கறுப்பா நகருதுல்ல? அதுகதான். மேட்டுல மேயுது. பனைமரத்தடியில வேலிக் கம்பியை நான் மத்தியானமே அறுத்து ஒதுக்கி வச்சுட்டேன். இங்கிட்டு இருந்து மூளியைக் கூப்பிட்டா, மூளி சுத்தி வராது சார். நேரா வரும். கம்மாயை உழுதுக்கிட்டு வரும். நடுவுல மேடு, ஆழம் கம்மி, அங்க தண்ணி குளுகுளுன்னு உடம்புல பட்டுச்சுன்னா அங்கயே படுத்துரும். அது போதும். அதுக படுத்து உருண்டு தின்னு, பொழுது சாயுறதுக்குள்ள ஒரு பாய் அளவுக்கு...

தகர டப்பா தட்டிப் பாத்தேன். தலையைத் தூக்கல. என் குரல்ல கூப்பிட்டுப் பாத்தேன். அதுக்கும் என்னைத் தெரியும் போல, திரும்பி நின்னுக்கிச்சு.

வேற வழி என்ன சார் இருக்கு? நீங்களே சொல்லுங்க. அங்கிட்டு வானம் இருட்டிக்கிட்டு வருது. நாரைக கிளம்பியிருக்கும். அய்யனார் கோவிச்சுக்குவாரா? அவரு குதிரைமேலயும் பறவை எச்சந்தான் கிடக்கு, அவருக்கும் பாசம் இருக்கும். மதினி வீடு அந்தா, மடைக்கு அந்தப் பக்கம். கேக்காது. கேட்டாலும் காத்து வேற பக்கம் அடிக்குது. நீங்க காலைப் பாருங்க.

ஹோஓஓஓய்... மூளீஈஈஈ... ஹோய்... ஹோய்... பொழுதாச்சேஏஏஏ...

பாத்தீங்களா! தலையைத் தூக்கிருச்சு! தூக்கிருச்சு சார்! எத்தனை வருசம் கழிச்சு... அந்தா, ஒத்தக் கொம்பு, இங்கிட்டே பாக்குது. நடக்குது. பனைமரத்துக்கிட்ட... வேலி... அட, தாண்டிருச்சு! பின்னாடியே எல்லாம் வருது. இறங்குதுக. கழுத்து வரைக்கும் போயிருச்சு. தண்ணி மறந்துபோச்சாம்ல, தண்ணி! எப்படி நீந்துது பாருங்க! நடு மேட்டுக்கு வந்து... படுத்துருச்சு. நான் சொன்னேன்ல? சம்பை எப்படி இழுத்துத் திங்குது பாருங்க, கரும்பு மாதிரி.

தண்ணி சார்! அந்தா, கறுப்பா, பளபளன்னு! தெரியுதா? ஒரு துண்டு அளவுக்கு... இப்ப ரெண்டு... மூளி உருளுது. உருளு தாயி, உருளு. அப்படித்தான். என் குலதெய்வம்.

சார், மேல. மேல பாருங்க. அந்தப் பக்கம், மேகத்துக்குக் கீழ. ரெண்டு. வந்துருச்சு. சத்தம் போடாதீங்க. ஒரு சுத்து சுத்தும் முதல்ல. பாருங்க, கழுத்தை நீட்டிக்கிட்டு...

யாரு அது?

கரை மேல, மடைப் பக்கம் இருந்து. குடை இல்லாம வர்றது.

மதினி.

அய்யோ. வேகமா வரல. சாதாரணமா நடந்து வருது. சண்டைக்கு வர்றவ ஓடியில்ல வரணும்? கையில என்னமோ இருக்கே. கம்பா? கம்பு இல்ல... என்ன சார் அது, உங்க தூரக்கண்ணாடியில பாத்துச் சொல்லுங்க.

துண்டா?

மழையில நனையாம மாராப்புக்குள்ள வச்சு...

நம்மளைப் பாக்கல. படித்துறைக்குப் போகுது. கடைசிப் படியில நின்னுக்கிச்சு. தண்ணியவே பாக்குது. சார், கேமராவை எடுக்காதீங்க. நாரையை எடுங்க, எம்புட்டு வேணும்னாலும் எடுங்க. அவுகளை வேணாம்.

மதினி... மதினி, நான்தான், சேவுகன். மேல இருக்கேன். அது... நான்தான் மதினி கூப்பிட்டேன்.

தெரியுமாம். தெரியும்கிறாக சார்.

என்ன மதினி? சரியாக் கேக்கல. என்ன வரல?

செருமல் வரலையாம்.

"கடைசியில செருமுவாருல்ல, அதை விட்டுட்டீகளே"ங்கிறாக. ஆமா சார், விட்டுட்டேன். ஜெயசீலன் முழிச்சுக்குவானோன்னு பயத்துல, அவசரத்துல, விட்டுட்டேன். முப்பது வருஷத்துல நான் விட்டதே இல்ல.

மதினி, இப்ப வேணாம் மதினி. அங்க பாருங்க, மேல பாருங்க, நாரை! இப்பக் கூப்பிட்டா எருமை பூரா எந்திரிச்சு இங்கிட்டு வந்துரும். தண்ணி சலசலக்கும். அதுக மிரண்டு போயிரும் மதினி. இன்னொரு நாள் எடுக்கிறேன். வீட்டுக்கே வந்து எடுக்கிறேன். எத்தனை தடவை வேணும்னாலும் எடுக்கிறேன். இப்ப மட்டும்... இந்த ஒரு பொழுது மட்டும்...

மேலயே பாக்க மாட்டேங்கிறாக சார். துண்டை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாக.

அந்தா, ரெண்டாவது சுத்து. கீழ வருது. சார், சார், காலைத் தொங்க விட்டுருச்சு.

என்ன மதினி?

"இன்னொருக்கா கூப்பிடுங்க கொழுந்தனாரே"ங்கிறாக.

தண்ணி பாட்டில் வச்சிருக்கீங்களா சார்? ஒரு மடக்கு குடுங்க, தொண்டை காஞ்சு கிடக்கு. போதும். கார்டு காலைப் பாக்க வேணாம், இனிமே அது எங்கிட்டு இருந்தா என்ன.

இத்தனை மேடை ஏறியிருக்கேன் சார். எனக்கு ஒன்ஸ் மோர் கேட்ட முதல் ஆளு இதான்.

ஹோஓஓஓய்... மூளீஈஈஈ... ஹோய்... ஹோய்... பொழுதாச்சேஏஏஏ...

க்கும்.